குழந்தைப் புற்றுநோய் வார்டுக்கு ஒரு செவிலியர் தயாராக எத்தனை நாள் வேண்டும்?

எங்கள் வார்டுக்குப் புதிதாகப் பணிக்கு வரும் செவிலியரிடம் முதல் நாளே நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. கீமோதெரபி முடிந்து பத்து நாட்களுக்கு முன் வீட்டுக்குப் போன ஐந்து வயதுக் குழந்தையின் தாய், இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “சிஸ்டர், பாப்பாவுக்கு லேசா உடம்பு சுடுது, பாராசிட்டமால் குடுத்துட்டு காலையில கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? பொதுக் குழந்தைகள் பிரிவில் நன்றாகப் பணியாற்றியவர்கள்கூட, “சரிம்மா, தண்ணி நிறைய குடுங்க, காலையில வாங்க” என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். அவர்கள் பணியாற்றிய இடத்தில் அது சரியான பதில். இங்கே அந்தப் பதில் குழந்தையின் உயிரை வாங்கிவிடக்கூடும்.

கீமோதெரபி மருந்துகள் எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால், மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைகின்றன. அவற்றுள் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 500-க்கும் கீழே போன குழந்தைக்குப் புண் சிவந்து வீங்குவதும் சீழ் பிடிப்பதும் அரிது. சீழாவதற்கு வேண்டிய அணுக்களே உடலில் இல்லை. பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம், பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும். ஆகவே 38.3 டிகிரி செல்சியஸ் ஒருமுறை பதிவானாலோ, 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ குழந்தையை உடனே அழைத்துவரச் சொல்ல வேண்டும். வந்து சேர்ந்த 60 நிமிடங்களுக்குள் முதல் ஆன்டிபயாடிக் சிரை வழியே ஏறியிருக்க வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது, எனிமா கொடுக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருந்தே அந்த ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு) இரத்தம் எடுத்து, முன்பே எழுதிவைத்த ஆணையின்படி முதல் டோஸைத் தொடங்கும் அதிகாரத்தை இரவுப் பணிச் செவிலியருக்குத் தராத மருத்துவமனை, அவருக்கு எவ்வளவு பாடம் நடத்தியும் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். செல்வந்த நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினரைக்கூடக் காப்பாற்ற முடிவதில்லை. 2030-க்குள் இதனை உலக அளவில் 60 சதவீதமாகவாவது உயர்த்த வேண்டும் என்று அந்நிறுவனம் 2018-இல் இலக்கு வகுத்தது. லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு நாங்கள் கொடுக்கும் வின்கிரிஸ்டினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மருந்துகளே. ஆகவே புது மருந்து இல்லாதது மட்டுமே காரணமல்ல; நோயைத் தாமதமாகக் கண்டறிவது, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது, தொற்றாலும் பக்கவிளைவாலும் ஏற்படும் மரணம் ஆகியவையும் அந்த இடைவெளிக்குக் காரணங்கள். இவற்றுள் கடைசிக் காரணம் ஏறக்குறைய முழுவதும் செவிலியரின் கண்பார்வைக்குள் நடப்பது.

நம் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் புற்றுநோய்க்கு ஒதுக்கப்படுவது சில மணி நேரப் பாடம். இந்திய செவிலியர் மன்றத்தின் ஓராண்டு புற்றுநோய்ச் செவிலியப் பட்டயப் படிப்பு இருக்கிறது. அதிலும் குழந்தைகள் ஒரு பகுதி மட்டுமே. சர்வதேசக் குழந்தைப் புற்றுநோயியல் சங்கத்தின் செவிலியர் குழு 2014-இல் வெளியிட்ட அடிப்படைத் தரங்கள் கேட்பவை மிகையானவை அல்ல: இரண்டு வாரப் பாடமும் செய்முறையும், அதன்பின் அனுபவமுள்ள ஒருவருடன் மூன்று நான்கு வாரப் பணி, ஆண்டுக்குக் குறைந்தது 10 மணி நேரத் தொடர்கல்வி, ஒரு செவிலியருக்கு ஐந்து குழந்தைகளுக்கு மேல் கூடாது என்ற வரம்பு. ஐந்து என்ற எண்ணைச் சொன்னால் நம் ஊரில் பலர் சிரித்துவிடுகிறார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

நான் அதிக நேரம் செலவிடும் பாடம் மருந்தைச் சரிபார்ப்பது. வின்கிரிஸ்டின் சிரையில் மட்டுமே ஏற்றவேண்டிய மருந்து. அது முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டால் ஏறத்தாழ எப்போதும் மரணம்தான். ஆனால் அதே குழந்தைக்கு, சில வேளைகளில் அதே நாளில், முதுகுத்தண்டு நீரில் மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டும் சிரிஞ்சில் இருந்தால், அவசரமான ஒரு காலைப்பொழுதில் கை மாறுவதற்கு ஒரு நொடி போதும். உலகின் பல நாடுகளில் இப்படி நோயாளிகள் இறந்ததை அடுத்தே, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறு சலைன் பையில் கலந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது. இரு செவிலியர்கள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் எங்கும் உண்டு; ஆனால் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் தலையாட்டுவதைச் சரிபார்ப்பு என்று நான் ஏற்பதில்லை. இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டு, அதன்பிறகே விடைகளை ஒப்பிட வேண்டும். அப்படித் தனியே கணக்கிட்ட ஓர் இளம் செவிலியர்தான், கேஸ் ஷீட்டில் இருந்த 17 கிலோ என்பது போன மாத எடை என்பதைக் கண்டு, குழந்தையை மீண்டும் தராசில் நிறுத்தினார். 14 கிலோதான் இருந்தது. மருத்துவர் முதலில் சலித்துக்கொண்டார், பிறகு டோஸை மாற்றி எழுதினார். பதவியில் மூத்தவரிடம் “கொஞ்சம் பொறுங்க சார்” என்று சொல்வதும் ஒரு திறமைதான். ஊசி போடப் பழகுவதுபோல அதையும் நாங்கள் நடித்துப் பார்த்துப் பழகுகிறோம்.

டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் தசையே வெந்துபோகும். பெரியவர்கள் “எரியுது” என்று சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையோ ஊசியைப் பார்த்தும் அழும், கட்டில் மாறினாலும் அழும். அந்த அழுகைகளுக்கிடையே எரிச்சலின் அழுகையைப் பிரித்தறிய, மருந்து ஏறும் நேரம் முழுவதும் அந்தக் கையின் அருகிலேயே இருக்க வேண்டும். கசிந்தது தெரிந்தால் உடனே நிறுத்தி, சிரையில் செருகிய குழாயான கானுலாவை எடுக்கும் முன் அதன் வழியே இயன்றவரை மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்கு வெது ஒத்தடம். இது மாறிப்போனால் சேதம் கூடும். ஆகவே இதனைப் பயிற்சிக்கு வருவோரை உறக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்கு மனப்பாடம் செய்யவைக்கிறேன்.

செவிலியரின் சொந்த உடல்நலமும் இப்பயிற்சியில் அடங்கும். மருந்துத் துகள் கலப்பவர்மேல் படாமல் காக்கும் பாதுகாப்புக் கேபினட் இல்லாமல், ஜன்னலோர மேசையில் கீமோ மருந்தைக் கலக்கும் வழக்கம் சிறிய மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறது. மருந்து ஏறிய பின் குறைந்தது 48 மணி நேரம் குழந்தையின் சிறுநீரையும் வாந்தியையும் கையுறையின்றித் தொடக் கூடாது என்பது, துணி துவைக்கும் தாய்க்கும் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இவ்வளவையும் கற்று, ஓராண்டில் கை தேர்ந்துவரும் ஒருவரை, சுழற்சி முறை என்று சொல்லி எலும்பு முறிவு வார்டுக்கோ மகப்பேறு பிரிவுக்கோ அனுப்பிவிடுகிறார்கள். பயிற்சி பெற்றவரை இப்படி மாற்றக் கூடாது என்று மேற்சொன்ன தரங்களே கூறுகின்றன. நிர்வாகத்தின் பார்வையில் செவிலியர் எவரும் எந்த வார்டுக்கும் பொருந்துவார். பொருந்தாதபோது என்ன நடக்கும் என்பதற்கு, ஒரு சிறுவனின் நினைவு எனக்கு எப்போதும் வரும்.

ஏழு வயது இருக்கும். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தை ஒரு நள்ளிரவில் இறந்துவிட்டது. காலையில் கண்விழித்தவன், “அக்கா, அந்தத் தம்பி எங்க?” என்று கேட்டான். விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்து நான்கே நாளான செவிலியர், பதறிப்போய், “வீட்டுக்குப் போயிட்டான் கண்ணு” என்று சொல்லிவிட்டார். அன்பினால் சொன்னதுதான், ஆனால் குழந்தைகள் இரவில் தாய்மார் அழும் ஓசையைக் கேட்டபடிதான் படுத்திருக்கிறார்கள். பத்து நாட்களுக்குப் பிறகு அவனுக்கு டிஸ்சார்ஜ் எழுதி, “வீட்டுக்குப் போகலாம் வா” என்றதும், அவன் கட்டில் கம்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அலறினான். காரணம் எங்களுக்குப் புரிய மதியம் ஆயிற்று. அந்தச் செவிலியரோடு உட்கார்ந்து, அத்தகைய கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பேச வேண்டும் என எண்ணி அவரைத் தேடினேன். அவர் முந்தின நாளே கண் வார்டுக்கு மாறியிருந்தார்.