நகம் கறுத்ததைக் காட்டுகிறீர்கள், காய்ச்சலை மறைக்கிறீர்கள்

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஓ.பி.க்கு வந்தால் பெரும்பாலும் கையைத்தான் முதலில் நீட்டுவார்கள். "நகமெல்லாம் கறுத்துப் போச்சு டாக்டர். விஷம் ஏறிடுச்சோன்னு ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க." அதைப் பேசி முடித்து, சீட்டு எழுதி, அவர் எழுந்திருக்கும் நேரத்தில் கூட வந்த மனைவியோ மகளோ மெதுவாகச் சொல்வார்: "போன வாரம் ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சு. மாத்திரை போட்டோம், விட்டுடுச்சு." எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இரண்டாவது செய்திதான்.

சரி, நகத்தையே முதலில் பார்ப்போம். நகம் உருவாவது தோலுக்குள் புதைந்திருக்கும் அதன் வேரில். கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை, நகவேரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மருந்து ஏறிய நாட்களில் வேர் வேலையை நிறுத்தும், பிறகு மறுபடி தொடங்கும். அந்த இடைவெளி நகத்தின் குறுக்கே ஒரு பள்ளமாக விழுகிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து எடுத்தவரின் நகத்தில் சில நேரம் சைக்கிள்களையே, அதாவது எத்தனை சுற்று மருந்து ஏறியது என்பதையே எண்ணிவிடலாம்.

கறுப்புக்குக் காரணம் நிறமி. சைக்ளோபாஸ்பமைடு, சிவப்பாக ஏறும் டாக்சோரூபிசின், மாத்திரையாகத் தரும் ஹைட்ராக்ஸியூரியா ஆகியவை நகவேரில் நிறமியைத் தூண்டிவிடும். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோல்காரர்களிடம் இது இன்னும் அதிகமாகத் தெரியும். வெள்ளைக் கோடுகளும் வரலாம். ஆர்சனிக் நஞ்சேறியவர்களின் நகத்தில் வெள்ளைக் கோடு விழும் என்று மருத்துவக் கல்லூரியில் படித்திருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு அந்த ஆர்சனிக்கின் ஒரு சேர்மமே இன்று மருந்து.

இந்த மாற்றங்கள் ஆபத்தில்லாதவை. சிகிச்சை முடிந்தபின் கைநகம் முழுதாக மாற ஆறு மாதமாவது ஆகும், கால்நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல். நகத்துக்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து. ஆனால் ஒரே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புப் பட்டை அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் பரவினாலோ தோல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நகத்தடியில் திடீரென ரத்தப்புள்ளிகள் தெரிந்தால் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கலாம். ஹைட்ராக்ஸியூரியா எடுப்பவர்கள் கணுக்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஆறாத புண் வருவதுண்டு.

நகத்தின் நிறத்தைவிட நான் கவனமாகப் பார்ப்பது அதைச் சுற்றியுள்ள தோலை. அங்கேதான் நகச்சுத்தி வரும். நம் வீடுகளில் இதற்கு உடனடி வைத்தியம், எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலில் செருகிக்கொள்வது. மற்றவர்கள் செய்துகொள்ளட்டும், கீமோ எடுப்பவர்கள் வேண்டாம். பழச்சாறு தோலை அரிக்கும், அதைவிட முக்கியமாக இரண்டு நாள் வீணாகும். இன்னொன்றும் இருக்கிறது. சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள். கவுண்ட் (ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) இறங்கியவர் உடலில் சண்டை போட ஆளே இல்லாதபோது சீழும் வராது, வீக்கமும் பெரிதாகத் தெரியாது. லேசான சிவப்பும் வலியும் மட்டும் இருக்கும். "சீழ் பிடிக்கட்டும், அப்புறம் போகலாம்" என்று காத்திருந்தால், கிருமி ரத்தத்தில் கலக்கும்வரை காத்திருந்ததாகிவிடலாம்.

கால்நகத்தை யாரும் காட்டுவதே இல்லை, நாங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் என்ற மருந்துகளை எடுப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், இடித்துக்கொண்டதே தெரியாது. கால்நகத்தில் இருக்கும் சில பூஞ்சைகள், வெள்ளை அணு அடியோடு இறங்கிய நேரத்தில், அங்கிருந்து ரத்தத்துக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பழுத்து மஞ்சளாகித் தடித்த கால்நகம் இருந்தால் சொல்லிவிடுங்கள். வெறுங்காலோடு தோட்டத்து மண்ணில் இறங்க வேண்டாம். குளித்தபின் நகம் மிருதுவாக இருக்கும்போது நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். நகவெட்டி தனியாக இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும்போது கையுறை, இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். இவ்வளவு போதும். நகப்பூச்சும் மருதாணியும் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போனால் நல்லது. நகம் தெரிந்தால்தான் எங்களால் பார்க்க முடியும், ஆக்சிஜன் அளக்கும் கருவியும் சரியாக வேலை செய்யும்.

இனி காய்ச்சல். பல கீமோக்களில் மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணு மிகவும் கீழே போகும், லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வகையின் சிகிச்சையில் இது வாரக்கணக்கில் நீளும். கிருமியோடு முதலில் சண்டை போடும் வெள்ளை அணு வகையான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருக்கும்போது 100.4 டிகிரி காட்டினாலே அது அவசரம்தான், இரவு இரண்டு மணியானாலும். ஆஸ்பத்திரிக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் எங்கள் இலக்கு. பாராசிட்டமால் போட்டுப் பார்ப்பது கிருமியைக் கொல்லாது, தெர்மாமீட்டரை மட்டும் ஏமாற்றும். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே வராமல்கூடத் தொற்று முற்றலாம். குளிர் நடுக்கம், எழுந்திருக்க முடியாத சோர்வு, பேச்சில் குழப்பம் இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும்.

"வெளியே எங்கேயும் போகவே இல்லையே, எப்படித் தொற்று வந்தது?" என்று வீட்டார் குற்ற உணர்வோடு கேட்பார்கள். பல நேரம் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை. நம் வாயிலும் குடலிலும் தோலிலும் எப்போதும் இருப்பவைதான் உள்ளே இறங்குகின்றன. அதனால் வாய்ப்புண்ணைப் போலவே மலம் கழிக்கும்போது வரும் வலியையும் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு முற்றவிட்டு வருபவர்கள் ஏராளம். எனிமா, ஆசனவாய் வழியே வைக்கும் மருந்து எதையும் கேட்காமல் வைக்காதீர்கள்.

இன்னும் சிலருக்குக் கவுண்ட் நன்றாகவே இருக்கும், ஆனால் மாதாமாதம் நெஞ்சுச்சளி. மயலோமா, நாட்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வகைகள் உள்ளவர்களிடம் இது சகஜம். அணுக்கள் இருந்தாலும் எதிர்ப்பொருள் குறைவு, ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளின் அளவை ரத்தத்தில் பார்த்தால் தெரியும். மிகவும் குறைந்து, தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால் இம்யூனோகுளோபுலின், அதாவது அந்த எதிர்ப்பொருளையே மருந்தாக ஏற்றுவது பற்றி யோசிப்போம். விலை அதிகம், எல்லோருக்கும் தேவையும் இல்லை. நம் ஊரில் விடாத இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையையும் மறக்கக் கூடாது. போர்டிசோமிப் எடுப்பவர்களுக்கு அக்கி வராமல் தடுக்க அசைக்ளோவிர் எழுதித் தருவோம். "மாத்திரை ரொம்ப அதிகமா இருக்கு" என்று பலரும் முதலில் விடுவது அதைத்தான். விடாதீர்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் மட்டும் இந்தக் காலத்தில் கூடாது.

கடைசியாக, பர்ஸில் ஒரு சின்னச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், மருந்துகளின் பெயர், கடைசியாக மருந்து ஏறிய தேதி, கடைசி கவுண்ட், ஒவ்வாமை இருந்தால் அதுவும். 108இல் ஏறினாலும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அங்கே இருக்கும் மருத்துவருக்கு உங்களைத் தெரியாது. "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்லலாம். "கீமோ போய்க்கிட்டிருக்கு, பத்தாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லிச் சீட்டை நீட்டுங்கள்.