டீசென்ட்ரலைஸ்டு: பரவலாக்கமா, பன்மையமா?

‘டீசென்ட்ரலைஸ்டு நெட்வொர்க்’ என்பதைப் பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்றே பலரும் எழுதுகிறார்கள். அதிகாரப் பரவலாக்கம் என்று ஆட்சித்துறையில் வேரூன்றிய சொல்தான். கணினிக்கு அது போதாது. ‘மையவிலக்கு’ அதைவிட மோசம், இயற்பியலில் அது வேறொரு விசையின் பெயர்.

மூலம் கிரேக்கக் ‘கென்ட்ரோன்’: கூர்முனை, கவராயத்தில் ஊன்றி நிற்கும் முள். 1964இல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான ராண்டின் அறிக்கையில் பொறியாளர் பால் பாரன் மூன்று வலைகளை வரைந்தார். ஒரே மையம் கொண்டது, பல மையங்கள் கொண்டது, மையமே இல்லாதது. ‘பரவலாக்கம்’ என்றால் பின்னிரண்டில் எது? இரண்டாவதைப் பன்மைய வலை என்றும் மூன்றாவதைப் பரவல் வலை என்றும் பிரித்துச் சொல்வதே சரி.

இந்த வேறுபாடு மலேசியாவில் வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. கோலாலம்பூரில் ஒருவர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதன் ஐபி முகவரியை, அதாவது இணைய எண்ணை, இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்தான் வழக்கமாகச் சொல்கிறது. அது பொய் முகவரி தந்தால் போதும், தளம் முடங்கிவிடும். 2015இல் சரவாக் ரிப்போர்ட் என்ற செய்தித் தளம் தடுக்கப்பட்டதும் பலர் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8க்கு மாறினார்கள். மாறியது மையம்தான், வலை அப்படியே இருந்தது. முகவரி கேட்டு அந்தச் சர்வருக்குப் போகும் கேள்வியும் குறியாக்கமின்றி 53ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட இணைப்பு வாயிலில்) போவதால் வழியில் மடக்கலாம். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி, அத்தகைய கேள்விகளை உள்ளூர் சர்வருக்கே திருப்பும்படி நிறுவனங்களைப் பணித்தது. எதிர்ப்பு வலுக்கவே திட்டம் கைவிடப்பட்டது. குறியாக்கம் உள்ள முறைகளில் டிஓடி (டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ்) 853ஆம் போர்ட்டைத் தனியே பயன்படுத்துவதால் அடைப்பது எளிது. டிஓஎச் (டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்) 443இல் மற்ற இணையப் போக்குவரத்தோடு கலந்துவிடும்.

பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் இணைந்த சமூக வலைத்தளமான மாஸ்டடான் பன்மையத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு சர்வரை இங்கே தடுத்தால் அதில் கணக்கு வைத்திருப்பவர்களே மாட்டுவார்கள். மற்ற சர்வர்களுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பதிவுகளை அங்கிருந்து படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு சர்வருக்கும் டொமைன் பெயர் வேண்டும், ஆகவே டிஎன்எஸ் பிடி முழுதாக விடவில்லை. கணக்கை வேறு சர்வருக்கு மாற்றும்போது பின்தொடர்பவர்கள் வருவார்கள், பழைய பதிவுகள் வரா. மாற்றத்தைப் பழைய சர்வரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால், அது மூடப்பட்டுவிட்டால் வழியில்லை. நாம் பின்தொடர்வோரின் பட்டியலை அமைப்புகளில் உள்ள ஏற்றுமதிப் பக்கத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பரவல் வலைக்கு எடுத்துக்காட்டு, கோப்புப் பகிர்வு முறையான பிட்டோரண்டின் டிஎச்டி: எந்தக் கோப்பு எந்தக் கணினியில் என்ற பட்டியலைப் பயனர்களின் கணினிகளே பங்கிட்டு வைத்திருக்கும். அதிலும் புதிதாக நுழையும் கணினிக்கு முதலில் கைகொடுக்க, முகவரி தெரிந்த ஒரு கணினியாவது இருந்தாக வேண்டும்.