மூன்று பச்சை விளக்குகள்

விமானத்தின் சக்கரம் இறங்கவில்லை என்று கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்தக் கோளாறின் வரலாற்றைப் புரட்டினால், சக்கரத்தைவிட அதைப் பற்றிய கவலைதான் அதிகம் பயமுறுத்துகிறது.

பறக்கும்போது சக்கரக் கால்கள் மேலே ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். விமானி நெம்புகோலை இறக்கியதும் ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது குழாய்களில் அடைத்த எண்ணெயின் அழுத்தம், கதவுகளைத் திறந்து, கொக்கியை விடுவித்து, கால்களை இறக்கும். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3,000 பவுண்டு. கால் நேராக நின்றதும் மடங்காதபடி பூட்டு விழும்; காலுக்கொன்றாகப் பச்சை விளக்கு எரியும். ஹைட்ராலிக் எண்ணெய் முழுக்கக் கசிந்துபோனாலும் கொக்கியை மட்டும் தனியே விடுவிக்க மாற்று வழி உண்டு. பிறகு கால் தன் எடையிலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும்.

அதுவும் கைவிடுமா? 2011 நவம்பர் 1 அன்று போலந்தின் வார்சாவில் கைவிட்டது. 231 பேருடன் வந்த போயிங் 767 விமானத்தில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்திருந்தது. மாற்று வழியும் வேலை செய்யவில்லை. விமானம் தீப்பொறி பறக்க வயிற்றால் சறுக்கி நின்றது. யாருக்கும் காயமில்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தி, காக்பிட்டில் அணைந்து கிடந்த, அந்த மாற்று வழிக்கு மின்சாரம் தரும் ஒரு சர்க்யூட் பிரேக்கரைப் போட்டதும் சக்கரங்கள் சமர்த்தாக இறங்கின!

இதற்கு நேர்மாறானது 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே நடந்தது. லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கித்தான் இருந்தது, பல்புதான் போயிருந்தது. 2,000 அடி உயரத்தை ஆட்டோபைலட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, காக்பிட்டில் இருந்த எல்லோரும் அந்தப் பல்பில் மூழ்கினார்கள். உயரத்தைப் பிடித்து வைக்கும் இயக்கம் விலகியதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் இன்னொன்று. சக்கரம் பூட்டிக்கொண்டதா என்ற சந்தேகத்தில் ஒரு டிசி-8 விமானம் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் பத்துப் பேர் பலி. எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் விமானப் பொறியாளரும் அறிந்தே இருந்தார்கள். கேப்டனிடம் அழுத்திச் சொல்லத்தான் தயங்கினார்கள்.

தயங்காமல் பேசவும் வேலையைப் பகிர்ந்துகொள்ளவும் பழக்கும் காக்பிட் குழுப் பயிற்சி முறையே இந்த விபத்துக்குப் பிறகுதான் வேரூன்றியது. இன்று சக்கரக் கோளாறு என்றால் ஒரு விமானி சரிபார்ப்புப் பட்டியலைப் புரட்டுவார். மற்றவருக்கு விமானத்தை ஓட்டுவது மட்டுமே வேலை.