ஸ்டீல் தோட்டா கெட்டிதான், உங்கள் துப்பாக்கி தாங்குமா?

“ஏனுங்ணா, பித்தளையைவிட ஸ்டீல் கெட்டிதானுங்களே? அப்புறம் எதுக்குங்க இன்னும் பித்தளையையே கட்டிக்கிட்டு அழுவோணும்?”

கேட்டவர் கோவை கணபதிப் பக்கம் சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் தம்பி. தாத்தா காலத்து .315 ரைபிள் ஒன்று அவர்கள் குடும்பத்தில் இருக்கிறது. கேள்வியோடு நிறுத்தியிருந்தால் பதில் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவரோ சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றுக் கேஸை, அதாவது மருந்தும் குண்டும் இல்லாத தோட்டாக் கூட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். ஈஎன் 8 என்ற ஸ்டீல் ராடில் கடைந்தது. விளிம்பு, கழுத்து, அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) உட்காரும் குழி எல்லாம் அச்சு அசல். “ரெண்டு மைக்ரான்கூடப் பிசகாதுங்ணா, அளந்து பாருங்க” என்றார் பெருமையாக.

கோயம்புத்தூரில் துப்பாக்கி பழுது பார்க்கிறவனுக்கு இது ஒரு தனித் தலைவலி. வேறு ஊரில் என்றால் ஆசைப்படுவதோடு போய்விடும். இங்கே தெருவுக்கு ஒரு லேத் ஓடுகிறது, ஆசைப்பட்டதை மறுநாளே கடைந்து எடுத்து வந்துவிடுகிறார்கள். இதே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்டுச் சலித்துவிட்டது. எல்லோரும் பார்ப்பதும் ஒரே மாதிரி வீடியோக்கள்தான். அமெரிக்காவில் ஸ்டீல் கேஸ் வந்துவிட்டதாம், 80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) தாங்குகிறதாம், பித்தளைக் காலம் முடிந்துவிட்டதாம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவையோ அதன் பாகத்தையோ செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாது, ஆயுள்வரை போகலாம். துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருப்பதால் தோட்டா செய்ய லைசென்ஸ் வந்துவிடாது. இதைக் கேட்டதும் தம்பி கேஸை மறுபடி பைக்குள் போடப் பார்த்தார். வேண்டாம், இங்கேயே ஹேக்ஸா பிளேடில் ரெண்டாக அறுங்கள் என்றேன். அறுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் புதிய ரைபிளுக்காகத் தேர்ந்தெடுத்த 6.8×51 மிமீ தோட்டா, அதாவது .277 ஃப்யூரி, 80,000 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு வடிவமைத்தது. அதன் அடிப்பகுதி மட்டும்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உடல் பித்தளை. இரண்டையும் பிடித்து நிறுத்த நடுவில் ஓர் அலுமினிய வளையம். 2025இல் ஃபெடரல் நிறுவனம் 7 மிமீ பேக்கன்ட்ரி என்ற வேட்டைத் தோட்டாவைக் கொண்டுவந்தது. அதில் கேஸ் முழுதும் ஒரு விசேஷ ஸ்டீல் கலவை, அழுத்தம் அதே 80,000. பழைய பித்தளைத் தோட்டாக்களில் .308 வின்செஸ்டருக்கு அழுத்த மேல்வரம்பு 62,000, .270க்கு 65,000. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்றால், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவர் தாங்கிப் பிடிக்காமல் வெளியே நிற்கும் கேஸின் அடிப்பகுதி, பித்தளை என்பதால் இளகி விரியும், பிரைமர் குழி தளர்ந்துபோகும். அந்த ஓர் இடத்தைப் பலப்படுத்தத்தான் ஸ்டீல் வந்தது. அந்தத் தோட்டாவுக்கென்றே பேரலும் (குழல்) போல்ட்டும் (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் தாழ்) சேம்பரும் தனியாகச் செய்கிறார்கள். வீடியோவில் இந்தக் கடைசி வரி வருவதற்குள் நம் ஆட்கள் பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ரஷ்யாவில் பல காலமாக ஸ்டீல் கேஸ் போட்டுத்தான் ஏகே ரக ரைபிளின் 7.62×39 தோட்டாவைச் சுடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் செம்பு தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மன்காரர்களும் ஸ்டீல் கேஸுக்குப் போனார்கள். அதெல்லாம் மெல்லிய மைல்டு ஸ்டீல் தகட்டை அழுத்தி இழுத்துச் செய்து, துரு பிடிக்காமல் மேலே வார்னிஷோ செம்புப் பூச்சோ கொடுத்தது. அதிக அழுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, விலை குறைவு, அவ்வளவுதான். உங்கள் 12 போர் (போர் என்றால் குழல் அளவு) ஷாட்கன் தோட்டாவின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், பலதில் ஒட்டும். பித்தளை முலாம் பூசிய ஸ்டீல். அதன் அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ பக்கம்தான்.

இப்போது எனக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றும் அந்த எண்ணத்துக்கு வருகிறேன். கேஸ்தான் வெடிப்பைத் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். தாங்குவது சேம்பர், போல்ட், போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகளான பூட்டுக் காதுகள். கேஸின் வேலை வாயுவைப் பின்னால் விடாமல் அடைப்பது. மோட்டார் பம்பு கழற்றி மாட்டிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் அழுத்தத்தைத் தாங்குவது குழாயும் ஃபிளேஞ்சும், நடுவில் இருக்கும் கேஸ்கெட் அமுங்கி இடைவெளியை மூடுவதற்கு. கேஸ்கெட் கெட்டியாக இருக்கட்டும் என்று நீங்கள் அங்கே இரும்புத் தகட்டைப் போடுவீர்களா?

பித்தளை இந்த வேலைக்குக் கிடைத்தது சும்மா இல்லை. 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுட்ட நொடியில் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விட்டுவிடும். விறைப்பைச் சொல்லும் எலாஸ்டிக் மாடுலஸ் ஸ்டீலுக்கு 200 ஜிகாபாஸ்கல், பித்தளைக்கு 110 பக்கம். பாலிடெக்னிக் படித்த தம்பிக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாதாரண ஸ்டீல் கேஸ் அந்த அளவுக்கு இறுக்கமாக அடைக்காது. இடுக்கு வழியாகக் கரி பின்னால் வந்து சேம்பரில் படியும், அடுத்து பித்தளைத் தோட்டா போட்டால் அது சிக்கும். ஏகே ரகத் தோட்டாவின் உடல் நன்றாகக் கூம்பியிருப்பதால் சிக்காமல் கழன்று வருகிறது. நேர் சுவர் உள்ள கேஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ராடில் கடைந்த கேஸ் இன்னும் மோசம். சுவர் தடிமன், விரியாது, வாயு கழுத்தைச் சுற்றித் திரும்பி உங்கள் முகத்துக்கு வரும். உள்ளே இடமும் குறைவு, அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் ஏறும். வெளி அளவு ரெண்டு மைக்ரான் சுத்தமாக இருந்து என்ன பிரயோஜனம்? இதெல்லாம் எதில் போட்டுச் சுட? .315 ரைபிளில். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கையில் போகக்கூடாது என்று கொடுத்த ரகம் அது. லீ-என்ஃபீல்ட் பாணி போல்ட், பூட்டுக் காதுகள் பின்பக்கம் இருக்கும். அதே லீ-என்ஃபீல்ட் வகையின் .303க்கே மேல்வரம்பு 49,000. 80,000ஐ அது கனவில்கூடப் பார்த்ததில்லை.

பித்தளைக்கும் ஒரு எமன் உண்டு, அது நம் பக்கம் நிறையவே இருக்கிறது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமா ஒருவர், “தோட்டா வாயிலயே கீறல் வுட்டுக்குதுங்க, ஸ்டீலா இருந்தா வுடுமுங்களா?” என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். லென்ஸில் பார்த்தேன். தோட்டாவின் கழுத்தில், குண்டு இறுக்கமாக உட்காரும் இடத்தில், நீளவாக்கில் மயிரிழைக் கோடு. ஒன்றில் இல்லை, பெரும்பாலானவற்றில். டப்பாவைத் திறந்தபோதே வாடை வந்தது. கோழி எச்சத்தின் அம்மோனியா. ஷெட்டை ஒட்டிய தீவன குடோனில் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்.

இது புது நோய் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தின் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் இப்படிக் கீறிக்கொண்டன. குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள், மூத்திரத்து அம்மோனியா காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைத் தின்றது. இழுத்து உருட்டி அழுத்தியதில் உலோகத்துக்குள் தங்கும் இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால்தான் இந்தக் கீறல் என்று 1921இல்தான் தெளிவாக விளக்கினார்கள். அதனால்தான் ராணுவத் தோட்டாவின் கழுத்தில் லேசாக நீலம் பாய்ந்த கறை தெரியும், இறுக்கம் போகச் சூடு காட்டியதன் அடையாளம். அதைப் பழைய சரக்கு என்று நினைத்து நம் வீடுகளில் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்! மாமா கேட்டதும் பாதி நியாயம்தான். இந்த அம்மோனியா வாடைக்கு ஸ்டீல் இப்படிக் கீறாது. ஆனால் அந்தக் குடோன் ஈரத்தில் துருப்பிடித்துச் சேம்பரில் மாட்டியிருக்கும். வைக்கும் இடம்தான் தப்பு.

ஆகவே தோட்டாவைக் கோழிப்பண்ணை, மாட்டுக்கொட்டகை, யூரியா மூட்டை இருக்கும் அறை எதிலும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், காய்ந்த இடத்தில், பூட்டி வையுங்கள். தோல் பெல்ட்டில் செருகியே வைப்பதும் கூடாது, பதனிட்ட தோலில் பித்தளை பச்சை பூக்கும். ஆயுத பூசைக்குத் தோட்டாவைப் புளி போட்டுத் தேய்க்கும் தாய்மார்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடை பிராஸ் பாலிஷும் வேண்டாம், அதில் பலதில் அம்மோனியா இருக்கும். சந்தனம், குங்குமம் துப்பாக்கிக் கட்டையில் வையுங்கள், பேரலுக்குள் திருநீறு போடாதீர்கள்.

சுடுவதற்கு முன் தோட்டாவின் அடியில் பொறித்த முத்திரையைப் பாருங்கள். லைசென்ஸில் என்ன போர் எழுதியிருக்கிறதோ, பேரலில் என்ன பொறித்திருக்கிறதோ, அதுவேதான் தோட்டாவிலும் இருக்க வேண்டும். “உள்ள போவுது, பொருந்துது” என்பது பதில் ஆகாது. 65 மிமீ சேம்பர் உள்ள பழைய இரட்டைக்குழலில் 70 மிமீ தோட்டா சொகுசாக உள்ளே போகும், சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவாதீர்கள், கேஸ் சுவரைப் பிடிக்காமல் வழுக்கினால் அடி முழுதும் போல்ட்டின் மேல் விழும். சுட்டபோது வழக்கமான சத்தம் வராமல் புஸ்ஸென்றால் அங்கேயே நிறுத்துங்கள், குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். வெடிக்கவே இல்லை என்றால் குழல் முன்னால் பார்த்தபடியே அரை நிமிடமாவது பொறுங்கள். கண்ணாடி இல்லாமல் சுடுவோர் என்னிடம் வந்து தைரியம் பேச வேண்டாம்.

கீறல் விட்டது, பச்சை பூத்தது, அப்பாரு காலத்துச் சரக்கு எதையும் கிணற்றில் போடாதீர்கள், தோட்டத்தில் புதைக்காதீர்கள், குப்பையோடு எரிக்கவே எரிக்காதீர்கள். எண்ணி எழுதி, லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். என்னிடம் காட்டக் கொண்டுவருவதானால் லைசென்ஸ் புத்தகம் கூடவே வரட்டும், இல்லையென்றால் எந்த ஊர்ச் சொந்தமானாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.