கிடாரத்தைக் கழுவ வேண்டாம்

விடுதியொன்றில் நாற்பது பேருக்கு வயிற்றோட்டம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தகவல் வரும்போது, பெரும்பாலும் இரண்டு காரியம் முடிந்திருக்கும். குசினிக் கிடாரம் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருக்கும். பிள்ளைகள் பார்மசியில் வாங்கிய அன்டிபயோட்டிக்கை விழுங்கியிருப்பார்கள். இரண்டும் நல்லெண்ணம்தான். ஆனால் தடயம் போய்விடும்.

முதலில் நேரத்தைக் கேளுங்கள். சாப்பிட்டு 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள் சத்தி என்றால், உணவில் ஏற்கனவே ஊறிய நச்சு காரணமாக இருக்கலாம். திரும்பக் கொதிக்க வைத்தாலும் அது அழியாது, அன்டிபயோட்டிக்கும் உதவாது. 6 முதல் 72 மணித்தியாலத்துக்குள் காய்ச்சலோடு வயிற்றோட்டம் என்றால் சல்மொனெல்லா என்ற கிருமியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது, நோய் வராதவர்களையும் கேட்பது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திருகோணமலையில் வெள்ளிக்கிழமை என்றால் மச்சம் சாப்பிடாதவர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள், விசாரணைக்கு அது வரப்பிரசாதம். கோழிக்கறி சாப்பிட்ட 80 பேரில் 40 பேருக்கு நோய், மரக்கறிக்காரர் 20 பேரில் 2 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 50 வீதமும் 10 வீதமும்: ஐந்து மடங்கு. அந்த இருவரையும் விட்டுவிடாதீர்கள். கோழி வெட்டிய பலகையிலேயே சம்பலுக்கு வெங்காயமும் அரிந்திருக்கலாம்.

மலமாதிரியை முதல் குளிசைக்கு முன்னரே, குறைந்தது 5 பேரிடம் எடுத்து, கிருமியை ஆய்வுகூடம் போகும்வரை சாகாமல் வைத்திருக்கும் கரி-பிளேர் ஊடகத்தில் அனுப்புங்கள். மிச்சக் கறியில் 200 கிராம் அளவு, சுத்தமான கரண்டியால் அள்ளி, 4 பாகை செல்சியஸில் வையுங்கள். உறைய வைத்தால் சில கிருமிகள் செத்துவிடும்.

மலத்திலும் கறியிலும் ஒரே வகைச் சல்மொனெல்லா வளர்ந்து, இரண்டும் ஒரே மருந்துகளுக்கு அடங்காமல் இருந்தால், மூலம் ஒன்றே என்ற சந்தேகம் வலுக்கும். உறுதிப்படுத்த மரபணுப் பரிசோதனை வேண்டும். சாதாரண சல்மொனெல்லா வயிற்றோட்டத்துக்கு ஜீவனியும் (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல்) ஓய்வுமே பெரும்பாலும் போதும். கைக்குழந்தை, முதியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், கடும் காய்ச்சல்காரர் விடயத்தில் மருந்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

குசினியில் பார்க்கவேண்டியது சூடு. வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய கிடாரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில், கிருமி பெருகக்கூடிய 5 முதல் 60 பாகைக்குள்ளேயே கிடக்கும். அகலத் தட்டில் இரண்டங்குல ஆழத்துக்குப் பரப்பி ஆறவிடுங்கள். கறியைத் திரும்பச் சூடாக்கினால் வெப்பமானியை நடுவில் குத்தி 75 பாகை வருகிறதா என்று பாருங்கள்.

சமையற்காரரை முதல் நாளே வேலையால் நிறுத்துவது அவசரப் புத்தி. அவரும் அதே கறியைத்தானே சாப்பிட்டிருப்பார்? அவருடைய மலத்தில் கிருமி கண்டால், கொடுத்தவரா வாங்கியவரா என்பது அவருக்கு நோய் தொடங்கிய நேரத்தைப் பார்க்காமல் தெரியாது. ஆய்வுகூடப் படிவத்தில் ‘நோய்ப்பரவல் விசாரணை’ என்று எழுதி, வளர்த்த கிருமியை எறியாமல் வைக்கச் சொல்லுங்கள்.