கான்க்வெஸ்ட்: வெற்றியா, கொள்ளலா?

பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததை ஆங்கிலத்தில் 'நார்மன் கான்க்வெஸ்ட்' (Norman Conquest) என்பார்கள். அதை 'நார்மன் வெற்றி' என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் பார்த்தாயிற்று. கான்க்வெஸ்ட் என்றால் வெற்றி என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை, ஆளாளுக்கு அதையே எழுதுகிறார்கள்.

வேர் இலத்தீன். தேடுதல் என்னும் பொருளுள்ள வினையோடு 'கான்' என்ற முன்னொட்டு சேர்ந்து, தேடிச் சேர்த்தல் என்றாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இச்சொல்லுக்கு, பரம்பரையாக வராமல் தானே ஈட்டிய நிலம் என்றும் பொருள் இருந்தது. ஆக, கருத்து ஜெயிப்பதில் இல்லை, தனதாக்கிக்கொள்வதில் இருக்கிறது.

1066 அக்டோபர் 14 அன்று இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் நடந்த போரில் நார்மன் தலைவன் வில்லியம் பெற்றது வெற்றி. ஒரே நாளில் முடிந்தது. ஆனால் இங்கிலாந்து கைக்கு வர ஆண்டுக்கணக்கானது. 1069-70 குளிர்காலத்தில் வடபகுதியின் ஊர்களை எரித்துத்தான் அடக்கினான். இரண்டையும் வெற்றி என்றே எழுதினால் வாசகன் எதை எதுவென்று பிரிப்பான்?

சிலர் 'ஆக்கிரமிப்பு' என்கிறார்கள். வடசொல் என்பது கிடக்கட்டும், பொருளே இடிக்கிறது. நடைபாதையில் கடை போட்டாலும் ஆக்கிரமிப்புத்தான். உரிமையில்லாமல் உட்கார்ந்திருப்பது, நாளை எழுப்பிவிடலாம் என்பது அதில் ஒட்டியே வருகிறது. கான்க்வெஸ்டில் நாட்டின் உடைமையே கைமாறிவிடுகிறது. இன்னும் சிலர் 'ஆட்கொண்டான்' என்று எழுதி, படையெடுத்தவனைச் சிவபெருமானாக்கிவிடுகிறார்கள்!

நம்மிடம் சொல் இல்லையா என்ன? தொல்காப்பியம் மண்ணாசையால் படையெடுப்பதை வஞ்சி என்றும், அரணை முற்றுகையிடுவதை உழிஞை என்றும், வெற்றியை வாகை என்றும் தனித்தனியே வைத்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் கல்வெட்டுகளில் 'மதுரை கொண்ட கோப்பரகேசரி'. வென்ற என்று இல்லை, கொண்ட. 'கொள்' என்பதற்கு விலைக்கு வாங்குதல் என்றும் பொருள் உண்டு, கொள்முதல் என்கிறோமே. ஸ்காட்லாந்துக்காரன் பொருளுக்கு இதைவிட நெருங்கி வர முடியாது. (கங்கை கொண்டதை இங்கே இழுக்காதீர்கள். அங்கிருந்து வந்தது நீர்தான், நாடு அல்ல.)

ஆகவே பெயர்ச்சொல்லுக்கு 'நாடுகொள்ளல்' என்பேன். வினையாக வரும்போது 'கைப்பற்றி ஆண்டான்' என்றால் யாருக்கும் புரியும்.

அகராதியில் முதலில் கிடக்கும் சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதால் வரும் வினை இது. 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்டை 'வெற்றிகொண்டார்கள்' என்பதும் அப்படித்தான். மலை எப்போது போருக்கு வந்தது? உச்சியை எட்டினார்கள் என்று எழுதுங்கள்.