வழி தெரியாமல் துரத்தும் பூதங்கள்

பூதங்களைச் சுட்டு வீழ்த்தும் ‘டூம்’ என்ற கணினி விளையாட்டு 1993 டிசம்பரில் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1997 டிசம்பரில், அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் அதன் மூல நிரலை (சோர்ஸ் கோடு) எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. இருட்டு நடைபாதைகளில் நம்மை விரட்டி விரட்டி அடித்த பூதங்களின் மூளை எப்படி இருக்கும் என்று அதைத் திறந்து பார்ப்பவர் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். மூளை என்று சொல்லும்படி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முக்கியமாக, அந்தப் பூதங்களுக்கு வழி கண்டுபிடிக்கவே தெரியாது.

ஒவ்வொரு பூதமும் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும்: சும்மா நிற்பது, துரத்துவது, தாக்குவது, வலியில் துடிப்பது, சாவது. நிரலாளர்கள் இதை ஸ்டேட் மெஷின் என்பார்கள். விளையாட்டின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கிறது. எந்த நிலையில் எத்தனை துடிப்பு இருக்க வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும், போகும்போது எந்த ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை) அழைக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு நீண்ட அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது.

சும்மா நிற்கும் பூதத்தைக் கிளப்பிவிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் கண்ணில் நீங்கள் பட வேண்டும். அதற்கு முன்புறம் மட்டுமே தெரியும். முதுகுப் பக்கம் மிக நெருங்கினால் ஒழிய உங்களைக் கவனிக்காது. இன்னொன்று, சத்தம். நீங்கள் துப்பாக்கியால் சுட்டால் அந்த ஓசை, திறந்திருக்கும் வாசல்கள் வழியாக அறை அறையாகப் பரவும். மூடிய கதவு அதைத் தடுத்துவிடும். எதிரே ஒருவரும் இல்லாத அறையில் ஒரு குண்டு சுட்டுவிட்டு, நான்கு அறை தள்ளி உறுமல் கேட்டுத் திடுக்கிடுவது இதனால்தான்.

விழித்துக்கொண்ட பிறகு, நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்தாலும் பூதத்துக்கு உங்கள் இடம் துல்லியமாகத் தெரியும். நினைவில் வைத்துக்கொள்வதோ ஊகிப்பதோ இல்லை. உங்கள் ஆயத்தொலைவுகளை நேரடியாக எடுத்துப் பார்க்கிறது. அப்பட்டமான கள்ளாட்டம். ஆனால் அங்கே வந்து சேர அதற்கு வழி தெரியாது என்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

துரத்தும் முறை இதுதான். மொத்தம் எட்டுத் திசைகள். உங்களை நோக்கிய மூலைத் திசையில் முதலில் ஓர் அடி வைத்துப் பார்க்கும். முடியாவிட்டால் நேர்த்திசைகளில் ஒன்று, பிறகு மற்றொன்று. அதுவும் இல்லையென்றால் போய்க்கொண்டிருந்த திசையிலேயே தொடரும். எல்லாம் அடைபட்டால் மீதித் திசைகளை ஒவ்வொன்றாக முயலும். வந்த வழியே திரும்புவது கடைசிப் புகலிடம். திசை கிடைத்ததும் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, வழி மறிக்காத வரை அத்தனை அடி அதே திசையில் நடக்கும். பிறகு மறுபடி முதலிலிருந்து. கண்ணாடி ஜன்னலில் முட்டி முட்டி, தற்செயலாகத் திறப்பைக் கண்டு வெளியேறும் ஈயைப் போலத்தான்.

வரைபடத்தில் குறுக்கு வழி தேடும் ஏ-ஸ்டார் என்ற முறையை ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 1968-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் எதிரிகள் அதை வைத்தே நம்மிடம் வந்து சேர்கிறார்கள். டூமில் அது இல்லை. எனக்கென்னவோ அதுவே நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது. குறுக்கு வழி தெரிந்த பூதக் கூட்டம் ஒரே வரிசையாக ஒரே வாசல் வழியாக வந்து நிற்கும். இவையோ சிதறி, வளைந்து நெளிந்து வருகின்றன. பார்ப்பவருக்கு அது பக்கவாட்டில் சுற்றி வளைப்பதாகவே தெரிகிறது!

நிரலில் மிகவும் ரசித்துப் படிக்க வேண்டிய பகுதி தாக்குதல்தான். உண்மையில் அதில் பாதிக்கு மேல் தாக்காமல் இருப்பதற்கான காரணங்கள். தீப்பந்து எறியும் ‘இம்ப்’பை எடுத்துக்கொள்வோம். கை எட்டும் தூரத்தில் இருந்தால் பிராண்டும். தள்ளி இருந்தால், விழித்த கணமே எறியாது. உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். குலுக்கி எடுத்த அடிகளை நடந்து முடிக்கும் முன்பும் எறியாது. அதன் பிறகும் நீங்கள் கண்ணில் பட வேண்டும், ஒரு குலுக்கலிலும் அது ஜெயிக்க வேண்டும். தூரம் கூடக் கூட எறியும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், ஓர் எல்லை வரை. எறிந்து முடித்ததும் உடனே அடுத்ததை எறியாமல் புதுத் திசை தேடி நகரும். ஆனால் நீங்கள் சுட்டு அதற்கு வலித்துவிட்டால், குலுக்கல் இல்லாமலே திருப்பி எறியப் பார்க்கும். ‘நைட்மேர்’ என்ற கடைசிக் கடின நிலையில் தொடக்க அவகாசமும் கிடையாது, அடிகளை நடந்து முடிக்கும் கட்டுப்பாடும் கிடையாது. அதை ஆடிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கங்களின் அருமை தெரியும்.

வலியில் துடிப்பதற்கும் ஒரு குலுக்கல் உண்டு. குண்டு பட்ட இம்ப் துடித்து நிற்கும் வாய்ப்பு 256-க்கு 200. பெரும் பூதமான ‘சைபர்டீமன்’ என்றால் வெறும் 20. அதனால்தான் அது எதற்கும் அசராமல் வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் குலுக்கல்கள் எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்த 256 எண்களின் பட்டியலிலிருந்து வரிசையாக வருபவை.

கடைசியாக, பூதங்களின் உட்பகை. அடிபட்ட பூதம், அடித்தது யார் என்று மட்டுமே பார்க்கிறது. அது ஆட்டக்காரரா இன்னொரு பூதமா என்று பார்ப்பதில்லை. ஓர் இம்ப் எறிந்த பந்து குறி தவறி வேறு இனத்தின் மேல் பட்டால், அது உங்களை விட்டுவிட்டு இம்ப்பின் மேல் பாயும். இரண்டு பூதங்களுக்கு நடுவில் போய் நின்று, விலகிக்கொண்டு வேடிக்கை பார்ப்பது தேர்ந்த ஆட்டக்காரர்களின் வாடிக்கை. 1994-இல் வந்த ‘டூம் 2’-இல் இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. செத்த பூதங்களை எழுப்பிவிடும் ‘ஆர்ச்-வைல்’ எத்தனை முறை கூட்டாளிகளைச் சுட்டாலும் அவை அதைத் திருப்பித் தாக்குவதில்லை. அந்தச் சலுகைக்காக நிரலில் சேர்ந்திருப்பது ஒரே ஒரு நிபந்தனை.